கதிரொளி மின்சாரமும் மனித உரிமையும்
நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

ஆரணிக்கு அண்மையிலுள்ள திருமலை சமணர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு சிற்றூர். அங்குப் பாறையில் செதுக்கப்பெற்ற நேமிநாதர் உருவமும், சோழ இளவரசி குந்தவையின் பெயரால் வழங்கும் சினாலயமும் பலரும் அறிந்தவை. அவ்வூர்ப் பாறைக் கல்வெட்டு முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளை விரித்துரைப்பதால் வரலாற்றாசிரியர்கள் அதனைப் பெரிதும் எடுத்தாளுவர். ஆயினும் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது போர் வரலாறு கூறுவதற்காக அன்று. வணிகர் ஒருவரின் மனைவி அக்கோயிலில் நந்தா விளக்கு எரிவதற்கும் திருவமுதுக்கும் அளித்த கொடையைப் பதிவு செய்வதற்காகவே அது பொறிக்கப்பட்டது. கொடுத்தவர் எவர், கொடுத்தது எதற்காக என்பன ஊரறியக் கல்லில் நின்றன.

ஒளியைக் கொடுப்பது அறம் என்னும் எண்ணம் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு இது சான்று. நம் காலத்தில் அவ்வெண்ணம் புதிய வடிவம் பெற்றுள்ளது. கரியைக் கக்காமல், சாம்பலைக் கொட்டாமல் மின்சாரம் தரும் சூரிய மின்தொழில், தன்னை அறத்தின் பக்கம் நிற்கும் தொழிலாகவே மக்கள்முன் வைக்கின்றது. அத்தொழிலில் ஈடுபட்ட பெருநிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கும் மருத்துவமுகாமுக்கும் வழங்குகின்றன. இவ்விரண்டும் நன்றே. ஆனால் இவற்றுக்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்த ஒளி எவருடைய நிலத்தின்மேல், எவருடைய உழைப்பினால், எத்தகைய முறையில் உண்டாக்கப்பட்டது? நிறுவனம் எவ்வளவு கொடுக்கிறது என்பதைவிட எவ்வாறு ஈட்டுகிறது என்பதே சமுதாயப் பொறுப்பின் முதற்பொருள் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொறுப்பு என்னும் சொல்லின் இரு பொருள்கள்

இந்தியாவில் 'நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு' என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவாகும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இப்பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் எல்லைகளுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகின்றது. நிறுவனம் தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது இக்கணக்கில் சேராது.

இச்சட்டம் பெரிதும் பயனுடையது. எனினும் இது செலவைப் பற்றிய சட்டமேயன்றி வரவைப் பற்றிய சட்டமன்று என்பதை நாம் உணர்தல் வேண்டும். இலாபம் உண்டான வழியை அது ஆராய்வதில்லை. குத்தகை உழவரை வெளியேற்றி ஈட்டிய இலாபத்துக்கும், நேரிய முறையில் ஈட்டிய இலாபத்துக்கும் 2 விழுக்காடு ஒன்றே.

மற்றொரு பொருள் 2011 ஜூன் திங்களில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளில் காணப்படுகின்றது. ஜான் ரக்கி என்னும் அறிஞரின் தலைமையில் உருவான அந்த 31 நெறிகள் மூன்று தூண்களின்மேல் நிற்பவை. மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை. அதனை மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு. உரிமை மீறப்பட்டவர்க்குப் பரிகாரம் கிடைக்கச் செய்வது இருவர்க்கும் உரியது. நிறுவனம் தன் செயலால் எவர்க்குத் தீங்கு நேரிடக்கூடும் என்பதை முன்னதாக ஆராய்ந்து, தடுத்து, நேர்ந்ததற்கு விடை கூறவேண்டும். தான் நேரில் செய்யாததாயினும், தனக்குப் பொருள் வழங்குவோர் செய்யும் தீங்கையும் அது கருத்திற்கொள்ள வேண்டும்.

இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டு நெறிகளின் ஒன்பது கோட்பாடுகளுள் ஐந்தாவது, மனித உரிமையை மதித்தல் பற்றியது. பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் இவை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் எனச் செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமும் விதித்துள்ளது. முதற்பொருள் ஈகையைச் சார்ந்தது. இரண்டாவது நீதியைச் சார்ந்தது. ஈகையைக் காட்டி நீதியிலிருந்து விலக்குப் பெற இயலாது.

2. பட்டும் தகடும்

ஆரணியின் தெருக்களில் வாழ்பவர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரு பட்டுச்சேலை கடையில் விரிக்கப்படும்போது அதன் நிறமும் சரிகையும் மட்டுமே கண்ணுக்குப் புலனாகும். கருநாடகத்திலிருந்து வரும் பட்டுநூல், சூரத்திலிருந்து வரும் சரிகை, சாயமிடுபவர், பாவு ஓட்டுபவர், குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து கூலி நெசவு செய்பவர் ஆகிய யாவரும் அந்த மடிப்புக்குள் மறைந்துள்ளனர்.

அம்மடிப்புக்குள் சிறுவர்களும் மறைந்திருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டு உழைத்த சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்துப் பட்டுத்தொழிலையும் விரிவாக எடுத்துரைத்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் இயற்றப்பட்டிருந்தும் நிலை அவ்வாறிருந்தது. சேலையை வாங்கியவர் எவரும் குழந்தையைத் துன்புறுத்த எண்ணியவரல்லர். அவர் கேட்கவில்லை, கடைக்காரர் சொல்லவில்லை, அவ்வளவே. தொடரின் ஒரு முனையில் நிற்பவரின் அறியாமை மறுமுனையில் நிற்பவரின் அடிமைத்தனத்துக்கு உறுதுணையாகின்றது.

சூரியத் தகட்டுக்கும் இத்தகைய தொடர் உண்டு. குவார்ட்ஸ் என்னும் வெண்கல் தோண்டப்பட்டு, பெரும் உலையில் உருக்கிச் சிலிக்கனாக்கப்படுகின்றது. அது மேலும் தூய்மைப்படுத்தப்பட்டுப் பாலிசிலிக்கன் ஆகின்றது. பின்னர் அது கட்டியாக வார்க்கப்பட்டு, மெல்லிய வில்லைகளாக அறுக்கப்பட்டு, மின்கலங்களாக்கப்பட்டு, கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் இடையே தகடாகப் பொருத்தப்படுகின்றது. இந்த ஒவ்வொரு படியிலும் உலக உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவினுடையது எனச் சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்டது.

2021-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை, உலகின் சூரியத்தர பாலிசிலிக்கனில் ஏறத்தாழ 45 விழுக்காடு சின்சியாங் பகுதியிலிருந்து வருவதையும், அங்குள்ள தொழிற்சாலைகள் உய்கூர் மக்களை அரசின் தொழிலாளர் இடமாற்றத் திட்டங்களின்கீழ் பணியமர்த்துவதையும் எடுத்துக்காட்டியது. மறுக்க இயலாத சூழலில் ஒருவர் செய்யும் வேலை கட்டாய உழைப்பே என்பது அவர்களின் வாதம். சீன அரசு இக்குற்றச்சாட்டை மறுத்து வந்துள்ளது. 2022 ஆகஸ்டு இறுதியில் வெளியான ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அலுவலக மதிப்பீடு, அப்பகுதியில் கடும் உரிமை மீறல்கள் நிகழ்ந்துள்ளன எனக் கூறியது. அதே ஆண்டு ஜூன் முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சின்சியாங்கில் உண்டான பொருள் கட்டாய உழைப்பால் ஆனதென்றே முதலில் கொள்ளப்படும். அன்று என மெய்ப்பிப்பது இறக்குமதி செய்பவரின் கடமை.

மெய்ப்பிக்கும் சுமை எவர் தோளில் என்பதே இங்கு நாம் கருதவேண்டியது. கட்டுண்டு உழைப்பவர் தம் நிலையை மெய்ப்பிக்கும் வலிமையற்றவர். ஆகவே சுமை வலியவர் தோளுக்கு மாற்றப்பட்டுள்ளது. இந்தியாவில் தகட்டுத் தொழிற்சாலைகள் பெருகி வருகின்றன. தமிழ்நாட்டிலும் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும், திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானிலும் பெரிய ஆலைகள் இயங்குகின்றன. உள்நாட்டில் பொருத்தப்பட்ட தகடு என்பதனால் அதனுள் இருக்கும் சிலிக்கனின் பிறப்பிடம் தூயதாகிவிடாது.

3. நிலம்: மூன்று ஊர்களின் படிப்பினை

சூரிய மின்நிலையத்துக்கு இன்றியமையாதது நிலம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில், செங்கப்படை முதலிய ஊர்களின் நிலத்தில் அதானி நிறுவனம் 2016 செப்டம்பரில் முடித்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. 4,550 கோடி ரூபாய் செலவில், ஏறத்தாழ எட்டுத் திங்களில் கட்டப்பட்ட அது, அப்பொழுது ஓரிடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின்நிலையமாகக் கருதப்பட்டது. கட்டுமானத்தில் 8,500 பேர் வரை உழைத்தனர் என நிறுவனம் கூறியது.

அந்நிலம் பெரிதும் வறண்ட நிலமாகப் பதிவு பெற்றது. ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தரிசு' என்னும் சொல் வரி தராத நிலத்தைக் குறிக்குமேயன்றி, பயன் தராத நிலத்தைக் குறிப்பதன்று. இராமநாதபுரத்தின் மானாவாரி நிலத்தில் மழையை நம்பி நெல்லும் மிளகாயும் பருத்தியும் விளைகின்றன. அறுவடைக்குப்பின் ஆட்டுக்கிடைகள் மேய்கின்றன. நிலமற்றோர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றனர். நிலத்தை விற்றவர் விலை பெற்றார். அந்நிலத்தில் உழைத்தவரும், மேய்த்தவரும், விறகு பொறுக்கிய பெண்களும் எதுவும் பெறவில்லை; ஏனெனில் அவர்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. கட்டுமானம் முடிந்தபின் தகடுகளைக் காக்கவும் துடைக்கவும் தேவைப்படுவோர் மிகச் சிலரே. வறண்ட மண்ணில் தகடு கழுவுவதற்கான நிலத்தடி நீர் பற்றிய அச்சத்தையும் ஊர்மக்கள் செய்தியாளரிடம் வெளியிட்டனர்.

கருநாடகத்தின் துமகூரு மாவட்டத்திலுள்ள பாவகடாவில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. அங்கு 2,050 மெகாவாட் பூங்காவுக்காக ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் ஐந்து ஊர்களின் உழவரிடமிருந்து விலைக்கு வாங்கப்படாமல் குத்தகைக்குப் பெறப்பட்டது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் எனவும், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு எனவும் உடன்பாடாயிற்று. நிலம் உழவர் பெயரிலேயே நின்றது; தொடர்ந்து வறட்சியுற்ற பகுதியில் நிலையான வருவாயும் கிடைத்தது. இது பெரியதொரு முன்னேற்றம். எனினும் இங்கும் குத்தகைப்பணம் நிலமுடையாரை மட்டுமே சென்றடைந்தது. நிலமற்ற கூலியாளரும் ஆடு மேய்ப்போரும் வேலையையும் மேய்ச்சலையும் இழந்தனர்.

மூன்றாவது, அசாமின் நகாவோன் மாவட்டத்து மிகிர் பாமுனி. 15 மெகாவாட் நிலையத்துக்காக அஷூர் பவர் நிறுவனம் பழைய நிலக்கிழார் குடும்பத்தின் வழிவந்தோரிடமிருந்து நிலத்தை வாங்கியது. அந்நிலத்தைத் தலைமுறைகளாக உழுது வந்த கார்பி மக்களும் ஆதிவாசிகளும் தங்கள் குத்தகை உரிமையை எடுத்துரைத்தனர். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் காவல்துறையின் துணையோடு வேலை தொடங்கப்பட்டபோது மோதலும் கைதும் நேர்ந்தன. காகிதத்தில் உரிமை பெற்றவர்க்கும் உழைப்பினால் உரிமை பெற்றவர்க்கும் இடையிலான வழக்கு இது. நிலையம் மிகச் சிறியது. ஆயினும் அது எழுப்பிய கேள்வி பெரியது.

இம்மூன்றும் கூறுவது ஒன்றே. தீங்கு பெரும்பாலும் விலையில் இல்லை. எவர் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதில் உள்ளது.

4. சட்டத்தின் இடைவெளிகள்

இவ்விடுபடலுக்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். சூரிய மின்நிலையங்கள் மாசற்றவை என்னும் அடிப்படையில், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் முன் இசைவு பெறுவதிலிருந்து அவை விடுவிக்கப்பட்டன. முன் இசைவு வேண்டாதபோது பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. புகையைக் கணக்கிடும் சட்டம் புகையில்லாத் தொழிலை விட்டுவிட்டது. ஆனால் ஊராரின் குரலும் அதனோடு விடுபட்டது.

அவ்வாறே 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுக்கும்பொழுது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலையும் சமுதாயத் தாக்க மதிப்பீட்டையும் வேண்டுகின்றது. நிறுவனமே தரகர் வாயிலாக ஏக்கர் ஏக்கராக வாங்குமாயின் இக்காப்புகள் பெரும்பாலும் செயற்படுவதில்லை.

நிலம் பற்றிய அச்சம் ஆரணி வட்டாரத்துக்குத் தொலைவிலுள்ளதன்று. அண்டையிலுள்ள செய்யாறு வட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டையின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு மேல்மா முதலிய ஊர்களில் 3,174 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2023 ஜூலை முதல் உழவர் போராடினர். அவ்வாண்டு நவம்பரில் எழுவர் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவலில் வைக்கப்பட்டதும், அவர்களுள் அறுவர்மீதான ஆணை சில நாட்களில் அரசாலேயே விலக்கிக்கொள்ளப்பட்டதும் நாடறிந்தவை. அது சூரிய மின்நிலையத்துக்கான நிலமன்று. ஆயினும் நிலத்தைக் கொடுக்க மறுக்கும் உரிமை எவ்வளவு மெல்லியது என்பதை அது காட்டியது.

நம் திருச்சபைகள் மறவாதிருக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். அக்காலத்தில் ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற அருட்பணியாளர்கள் நிலமற்றோரின் சார்பாக எழுதியும் வாதாடியும் வந்தனர். அந்நிலங்கள் பிற வகுப்பினர்க்கு விற்கப்படலாகாது என்பது நிபந்தனை. எனினும் பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. எந்தத் தொழிலுக்காயினும் பெரும்பரப்பு ஒருங்கே வாங்கப்படும்போது, பஞ்சமி நிலம் அதற்குள் அடங்கியுள்ளதா எனப் பழைய பதிவேட்டைக் கொண்டு தேர்ந்தறிதல் வேண்டும்.

5. நாபோத்தின் தோட்டம்

இராஜாக்களின் முதலாம் நூல் 21-ஆம் அதிகாரத்தில் வரும் நாபோத்தின் வரலாறு பேராசைக்கு எச்சரிக்கையாக அடிக்கடி பிரசங்கிக்கப்படுகின்றது. அதனை மூன்று நுட்பங்களோடு மீண்டும் படித்தல் நலம். முதலாவது, ஆகாப் தொடக்கத்தில் அநியாய விலை கேட்கவில்லை. அதனினும் நல்ல தோட்டத்தையோ, ஈடான பணத்தையோ தர முன்வந்தான். இரண்டாவது, அவன் வேண்டியது போர்க்கொட்டில் அன்று, கீரை விளைவிக்க ஓரிடம், நோக்கம் தீங்கற்றதே. மூன்றாவது, நிலம் பறிக்கப்பட்டபோது சட்டமுறை முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டது: கடிதம், முத்திரை, மூப்பர் அவை, இரு சாட்சிகள்.

நல்ல விலையும், நல்ல நோக்கமும், முறையான ஆவணமும் இருந்தும் அங்கு நிகழ்ந்தது கொலையும் கொள்ளையுமே. இல்லை என்று சொல்லும் உரிமை நாபோத்துக்கு மறுக்கப்பட்டதே அதன் வேர். நிலம் அவனுக்கு விற்பனைப் பொருளன்று. மூதாதையரிடமிருந்து பெற்றுப் பின்வருவோர்க்கு அளிக்கவேண்டிய உரிமை. இன்று பசுமைத் திட்டம் என்னும் பெயர் தாங்கிவரும் எதனையும் இம்மூன்று நுட்பங்களால் சோதிப்பது நம் கடமை.

இதனைச் சூரிய மின்சாரத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ளலாகாது. நிலக்கரி மின்சாரத்தின் சாம்பலையும் புகையையும் எண்ணூர் மக்கள் பல்லாண்டுகளாகச் சுமந்து வருகின்றனர். கடல் ஏறுவதாலும் மழை பொய்ப்பதாலும் முதலில் துன்புறுபவர் மீனவரும் உழவருமே. இந்தியாவின் சூரிய மின்திறன் 2025 சனவரியில் 100 கிகாவாட்டைக் கடந்தது. அது மேலும் வளரவேண்டும். நல்லதொரு தொழில் நல்ல முறையில் நடைபெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

6. ஆயரும் சபையும் செய்யத்தக்கவை

நம் ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கூரைகளில் தகடுகள் பொருத்தப்பட்டு வருகின்றன. கூரைத் தகடு எவருடைய வயலையும் கேட்பதில்லை. ஆகவே அது முதலில் விரும்பத்தக்கது. ஆயினும் வாங்குமுன் சபைக்குழு சில கேள்விகளை எழுத்தில் கேட்கவேண்டும்.

அ. இத்தகட்டின் சிலிக்கன் எங்கிருந்து வந்தது? கட்டாய உழைப்பு இல்லை என்பதற்கு விற்பவர் தரும் சான்று யாது?

ஆ. பொருத்தும் தொழிலாளர் எவரால் அமர்த்தப்பட்டனர்? குறைந்தபட்சக் கூலியும், உயரத்தில் வேலை செய்வதற்கான காப்புக் கயிறும், விபத்துக் காப்பீடும் உண்டா?

இ. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப்பின் தகடு பழுதாகும்போது அதனைத் திரும்பப் பெறுபவர் எவர்? 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் தகடுகளையும் தம்முள் அடக்கியுள்ளன என்பதை நினைவிற்கொள்க.

ஊரில் நிலம் கேட்டுத் தரகர் வரும்போது ஆயரை நாடி மக்கள் வருவர். அப்பொழுது கேட்கவேண்டியவை வேறு. வாங்குவது உண்மையில் எந்த நிறுவனம்? விற்பனையா, குத்தகையா? குத்தகையாயின் உயர்வு விகிதம் எவ்வளவு, கால முடிவில் நிலத்தைத் திருத்தித் தருபவர் எவர்? ஏரிக்குச் செல்லும் வாய்க்காலும் ஆடுகள் செல்லும் வழியும் வேலிக்குள் அடைபடுமா? கழுவும் நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? நிலமற்ற குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு? கிராமசபையில் இவை பேசப்பட்டனவா? பத்திரத்தில் கையொப்பமிடுமுன் இவற்றுக்கு எழுத்தில் விடை பெறுமாறு மக்களுக்கு அறிவுரை கூறுவது மேய்ப்புப்பணியின் பகுதியே.

இறுதியாக, நமக்கே உரிய சோதனை ஒன்றுண்டு. நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு நிதியை நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நாடுகின்றன. அது தவறன்று. ஆனால் நன்கொடையைப் பெற்ற பின் அந்நிறுவனத்தின் வேலிக்கு வெளியே நிற்பவர் நம்மிடம் முறையிட வரும்போது, நம் நா எழாமற் போகலாகாது. ஆகவே நன்கொடையை ஏற்குமுன், அந்நிறுவனத்தின் நிலையம் அமைந்த ஊர் மக்களைச் சென்று கண்டு கேட்டறிவதை ஒவ்வொரு நிறுவனக்குழுவும் விதியாகக் கொள்ளலாம்.

முடிவுரை

சமுதாயப் பொறுப்பு என்பது இலாபம் கணக்கிடப்பட்ட பின் ஆண்டிறுதியில் தொடங்குவதன்று. நிலத்தின் எல்லையில் முதற்கல் நடும்போதே, சுரங்கத்தில் முதல் வெண்கல்லைப் பெயர்க்கும்போதே அது தொடங்குகின்றது. பதிவேட்டில் பெயரில்லாத குத்தகையாளரையும், மேய்ப்பரையும், கூலிப்பெண்ணையும், தொலைதேசத்து ஆலையில் மறுக்க வழியின்றி நிற்பவரையும் கணக்கிற் சேர்க்கும் தொழிலே பொறுப்புடைய தொழில். அவர்களின் பெயர்களை அறிந்து, அவை விடுபடும் இடத்தில் கேள்வி எழுப்புவது, அவர்களிடையே பணிபுரிய அனுப்பப்படும் நம்மேல் விழுந்த கடமையாகும்.